ஐரோப்பியருக்குத் திறந்த கதவில் நாம் நுழைந்த கதை

அமெரிக்காவில் இத்தனை இந்தியர்கள் எப்படி என்று கேட்டால் நம் ஆட்கள் உடனே படிப்பு, உழைப்பு, மூளை என்று ஆரம்பித்துவிடுவார்கள். இருக்கட்டும். மூளை நமக்கு 1946லும் இருந்தது. அந்த ஆண்டு அமெரிக்கா இந்தியாவுக்கு ஒதுக்கிய குடியேற்ற இடங்கள் வருடத்துக்கு வெறும் 100. அதற்கு முன் ஏறக்குறைய முப்பது வருடம் கதவே சாத்தியிருந்தது. நம்மை அங்கே கொண்டு சேர்த்தது நம்மை மனதில் வைத்தே எழுதாத ஒரு சட்டம் என்பதுதான் என் கட்சி.

முதலில் 1924. ஒரு நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர்கள் எத்தனை பேரோ, அதில் 2 சதவீதம் பேர் அந்த நாட்டிலிருந்து வருடாவருடம் வரலாம் என்று சட்டம் போட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எந்த வருடத்துக் கணக்கெடுப்பு என்பதில்தான் சூது. 1920 கணக்கெடுப்பு கையில் இருக்க, 1890 கணக்கெடுப்பைத் தூசி தட்டி எடுத்தார்கள். இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருங்கூட்டமாக வந்தது அதற்குப் பிறகுதான். ஆக, யார் பெயரையும் எழுதாமலே அவர்களை வடிகட்டியாகிவிட்டது. ஆசியர்களிடம் அந்த நாசூக்குகூடக் காட்டவில்லை. குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று நேரடியாகவே ஒதுக்கினார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்துக்கே, அவர் வெள்ளையர் அல்ல என்று சொல்லி 1923இல் உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்திருந்தது.

பலன் தெரிந்தது. 1910இல் அமெரிக்காவில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 15 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். 1970இல் 5 பேர்கூட இல்லை.

அப்புறம் 1965. நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு, திறமைக்கு முதலிடம் தரலாம் என்றது அரசு. மைக்கேல் ஃபீகன் என்ற ஒஹையோ மாநிலப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒப்பவில்லை. குடியேற்றத் துணைக்குழுவின் தலைவர் அவர்தான். உறவினர்களுக்கே முதலிடம் என்று வரிசையை மாற்ற வைத்தார். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், ஆகவே வரப்போகும் உறவினர்களும் வெள்ளையர்களாகவே இருப்பார்கள் என்று பழைய ஒதுக்கீட்டின் ஆதரவாளர்கள் சமாதானமடைந்தார்கள். இது ஒன்றும் புரட்சிகரமான சட்டம் இல்லை என்று சொல்லித்தான் ஜனாதிபதி ஜான்சன் அக்டோபர் 3 அன்று கையெழுத்துப் போட்டார்.

ஆனால் ஐரோப்பா அப்போது செழித்துக்கொண்டிருந்தது. மேற்கு ஜெர்மனிக்காரன் ஊரை விட்டு ஏன் கிளம்புகிறான்? திறமைப் பிரிவில் மிச்சமிருந்த இடங்களைப் பிடித்து இந்திய டாக்டர்களும் இன்ஜினியர்களும் போனார்கள். குடியுரிமை வாங்கினார்கள். பிறகு அப்பா அம்மா, தம்பி, தம்பி குடும்பம். உடன்பிறந்தவர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்த சட்டத்தைப் போயும் போயும் நம்மிடமா கொடுப்பது!

அதே சட்டம் மெக்சிகோ பக்கம் வேறு வேலை செய்தது. லத்தீன் அமெரிக்காவுக்கும் முதல்முறையாக உச்சவரம்பு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் பிராசெரோ என்ற பண்ணைக்கூலி ஒப்பந்தத்தையும் முடித்திருந்தார்கள். அறுவடைக்கு ஆள் தேவை குறையவில்லை, ஆட்களும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். காகிதம் மட்டும் இல்லை.

இப்போது நம் தலையில் விடிந்திருக்கும் விதி: வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு வருடத்துக்கு சுமார் 1,40,000, எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் அதே உச்சவரம்பு, ஐஸ்லாந்துக்கும் அதே. யார் முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டினில், 2025 நடுவில், மேற்படிப்பு படித்தவர்களுக்கான இரண்டாம் பிரிவில் இந்தியர்களின் பிரையாரிட்டி டேட் (வரிசையில் சேர்ந்த தேதி) 2013 ஜனவரியில் நின்றது, அதாவது அதற்கு முன் வரிசையில் சேர்ந்தவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. கைப்பிள்ளையாக அழைத்துப்போன குழந்தை 21 வயதைத் தொட்டதும் பெற்றோரின் வரிசையிலிருந்து கழன்றுவிடும்.

இதில் பார்ப்பது பாஸ்போர்ட்டை அல்ல, பிறந்த நாட்டை. அப்பா குவைத்தில் வேலை பார்த்தபோது அண்ணன் அங்கே பிறந்தான், குடும்பம் திருச்சிக்குத் திரும்பிய பிறகு தம்பி பிறந்தான் என்று வையுங்கள். ஒரே கல்லூரி, ஒரே கம்பெனி, இருவரிடமும் இந்திய பாஸ்போர்ட். அண்ணன் குவைத் கணக்கில் சீக்கிரம் கார்டு வாங்கிவிடுவான், தம்பி பத்து வருடத்துக்கு மேல் நிற்பான். மனைவி குவைத்தில் பிறந்திருந்தால் தம்பியும் அவள் கணக்கில் தாவிக்கொள்ளலாம். ஜாதகத்தில் பிறந்த ஊர் எழுதுவதற்கு இப்படியும் ஒரு பயன்.

வரம்பை எடுத்தால் சில வருடங்களுக்கு எல்லா இடங்களையும் இந்தியர்களே அள்ளிவிடுவார்கள் என்று மற்ற நாட்டவர் சொல்வதில் உண்மை உண்டு. அப்படியானால் மொத்த எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அந்த 1,40,000 என்பது 1990இல் போட்ட கணக்கு, அதில் மனைவி மக்களும் அடக்கம். வரம்பை நீக்கும் மசோதா 2019இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, 2020 டிசம்பரில் செனட்டில் வேறு வடிவத்தில் நிறைவேறியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்த காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், காலமே முடிந்து, மசோதாவும் காலாவதியானது.