கரு கலைந்தவருக்கு சி.எல். போடச் சொல்லாதீர்கள்

"ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க, சி.எல். (தற்செயல் விடுப்பு) இருக்குல்ல?" கரு கலைந்ததாகச் சொல்லும் ஊழியருக்குப் பல அலுவலகங்களில் கிடைக்கும் பதில் இது. அக்கறையாகவே சொல்கிறார்கள். ஆனாலும் சட்டமீறல்தான்.

1961 மகப்பேறு சலுகைச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இதில் ஒன்றையே சொல்கின்றன: கரு கலைந்த மறுநாளிலிருந்து ஆறு வாரம், சம்பளத்துடன் விடுப்பு. சட்டப்படி செய்த கருக்கலைப்புக்கும் அதேதான். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கும் இது உண்டு. கல்யாணம் ஆனவரா என்று சட்டம் கேட்பதில்லை, எச்.ஆருக்கும் அந்தக் கேள்வி வேண்டாம்.

பலருக்குத் தெரியாதது, அந்த ஆறு வாரத்தில் தெரிந்தே வேலை வாங்க முதலாளிக்கே தடை இருப்பது. "வீட்ல இருந்து ரெண்டு மெயில் மட்டும்" என்பதும் வேலைதான். ஊழியரே சம்மதித்தாலும் தடை நீங்காது.

ஆறு வாரம் என்றால் 42 நாள் சம்பளம். ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கும் கணக்கு, கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய தோட்டத் தொழிலாளி வழக்கில் 1977-லேயே உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டுப்போனது. இன்னமும் சில கம்பெனிகள் கழிக்கின்றன!

அந்த ஆறு வாரத்துக்குப் பிறகும் ரத்தப்போக்கோ தொற்றோ இருந்தால் கூடுதலாக ஒரு மாதம் வரை சம்பள விடுப்பு உண்டு. கர்ப்பத்தின்போதே ஓயாத வாந்தி, ரத்த அழுத்தம் என்று படுத்துவிட்டவருக்கும் இந்த ஒரு மாதம் பொருந்தும்.

இனி கர்ப்பத்தின் 26-ஆவது வாரம். அந்த வாரம் முடிவதற்குள் கரு கலைந்தால் அது கருச்சிதைவு. அதைத் தாண்டிக் குழந்தை இறந்தே பிறந்தால், சட்டத்தின் கண்ணில் அது பிரசவம். 26 வார விடுப்பு (ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12). "குழந்தைதான் இல்லையே" என்று ஆறு வாரத்தில் கூப்பிடுவது கொடுமை மட்டுமல்ல, பாக்கி வைப்பதும்கூட.

ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனையாவது வாரம், எந்தத் தேதியில் கரு வெளியேறியது அல்லது டி அண்ட் சி (கருப்பையைச் சுத்தம் செய்யும் சிகிச்சை) செய்தது என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் "வயிற்று வலி, ஓய்வு தேவை" என்ற சீட்டை வைத்துத்தான் விண்ணப்பங்கள் சிக் லீவ் ஆகின்றன. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவருக்குப் பணம் அங்கிருந்து வரும். விடுப்பு கம்பெனிதான் தர வேண்டும். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினாலோ சம்பளத்தைப் பிடித்தாலோ, விண்ணப்ப மெயிலும் பே ஸ்லிப்புமாகத் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.