மாட்டியாச்சுண்ணே!

இதோ, டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்க என்று காரில் வைத்திருக்கும் விளக்கு இப்போதும் சிமிட்டுகிறது. ஸ்டெப்னியில் உருட்டிக்கொண்டே மண்டபம் வந்து, டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். இன்னொரு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தேன். மற்ற விளக்குகள் எல்லாம் வந்த வேலையை முடித்துக்கொண்டு மரியாதையாக அணைந்துவிட்டன. அந்த மஞ்சள் சனியன் மட்டும், லாடத்துக்குள் ஆச்சரியக்குறியைச் சொருகிய மாதிரி உட்கார்ந்துகொண்டு கண்ணடிக்கிறது. டயருக்குப் பிரஷரா உனக்குப் பிரஷரா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். பஞ்சர் கடைக்காரர் முதல் மாமியார் வரைக்கும் கேட்டுச் சிரித்தாயிற்று.

தப்பு என்னுடையதுதான். பழைய ரிம்மோடு இருந்திருக்கலாம். ஆனால் நம் கடற்கரையில் இரும்பு என்ன கதியாகும் என்று தெரியும்தானே. டயர் உட்காரும் விளிம்பில் துரு ஏறி, தினம் காலையில் இரண்டு சக்கரம் சப்பையாக நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில், என் நண்டுப் பெட்டிகள் மொட்டை மாடியில். சும்மா கிடக்கிற வண்டிக்கு நாலு அலாய் வீல் போட்டுவிடலாமே என்று மதுரைக்கு ஓட்டிப்போனேன்.

அங்கே அந்தப் பையனிடம் மூன்று தடவை கேட்டேன். தம்பி, உள்ளே காற்றை அளக்கிற சென்சார் இருக்கு, டயரைக் கழற்றும்போது பார்த்து. "தெரியும்ணே." தம்பி, அந்த நாலு சென்சாரையும் புது வீல்ல மாட்டணும். "மாட்டிருவோம்ணே." தம்பி, நாலும் மாட்டியாச்சா? "மாட்டியாச்சுண்ணே!" யார் மாட்டியது என்பது பரமக்குடி தாண்டும்போது தெரிந்தது. விளக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் சிமிட்டிவிட்டு, அப்புறம் நிலையாக எரிந்தது.

போன் போட்டேன். "கொஞ்ச தூரம் ஓட்டுங்கண்ணே, வண்டி தானா கத்துக்கும்." கத்துக்குமா? எல்.கே.ஜி. சேர்த்தா விட்டிருக்கிறேன்? "நிக்காம இருபது நிமிஷம், நாப்பதுக்குக் குறையாமப் போங்கண்ணே." சரி என்று கிளம்பினேன். உச்சிப்புளியில் ஆட்டுக்கூட்டம். பாம்பன் பாலத்தில் செல்ஃபி கூட்டம். தங்கச்சிமடத்தில் கல்யாண ஊர்வலம். தனுஷ்கோடி ரோடு நேராக இருக்குமே என்று, புயல் தின்ற தேவாலயச் சுவரையும் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் போனேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நான், எதிரே சிமிட்டல். அதற்கு மேல் கற்றுக்கொடுக்க ரோடு இல்லை, அடுத்தது இலங்கைதான்.

மறுநாள் ராமநாதபுரம் சர்வீஸ் சென்டர். "வெளியில மாட்டின வீலுக்கு நாங்க பொறுப்பில்ல சார்." பொறுப்பு வேண்டாமய்யா, எந்தச் சக்கரம் என்று மட்டும் பார்த்துச் சொல். "அதுக்கு டூல் வேணும் சார். டூல் மதுரையில இருக்கு." ஒரு விளக்கை அணைக்க இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய்வர வேண்டும். இதற்கிடையில் என் மச்சான் ஒரு யோசனை சொன்னான். நாலு சென்சாரையும் ஒரு பி.வி.சி. பைப்புக்குள் போட்டு, இரண்டு பக்கமும் மூடி, 35 காற்று அடித்து, சீட்டுக்கு அடியில் வைத்துவிட வேண்டுமாம். வண்டி ஏமாந்துவிடுமாம். அவன் தங்கச்சி உட்காரும் சீட்டுக்கு அடியில், காற்று ஏற்றின பைப்.

மதுரைக்குப் போனேன். கையடக்கமாக ஒரு கருவி. அதை ஒவ்வொரு வால்வு பக்கத்திலும் காட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்த சென்சார் எழுந்து, தன் நம்பரையும் காற்றின் அளவையும் சொன்னது. முன்னால் இரண்டும் சொன்னது. பின்னால் இடது சொன்னது. பின்னால் வலதுதான் வாயே திறக்கவில்லை. பேட்டரி போயிருக்கும் என்றார்கள். அதை மட்டும் மாற்ற முடியாதாம், பசை ஊற்றி அடைத்திருக்குமாம், சென்சாரையே மாற்றணுமாம். சரி, கழற்றுங்கள். கழற்றினால், உள்ளே சென்சாரே இல்லை! சாதாரண ரப்பர் வால்வு. மற்ற மூன்றிலும் உலோக வால்வு, இதில் ரப்பர். வெளியே நின்று பார்த்தாலே தெரிகிற விஷயம். இருபது நாளாகத் தினமும் அந்த மூடியைத் திருகிக் காற்று பார்த்தவன் யார் என்று கேட்காதீர்கள்.

பையனுக்குப் போன். தம்பி, நாலாவது சென்சார் எங்கே?

"அது டயரைப் பிரிக்கும்போது உடைஞ்சுபோச்சுண்ணே."

சொல்ல வேண்டியதுதானே?

"சொன்னா டென்ஷன் ஆவீங்கன்னு சொல்லலண்ணே."

அந்தக் கருணையை நினைத்தால் இன்னும் எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். பாதி விலை. அச்சு அசல் அதே மாதிரி இருந்தது. மறுபடி மதுரை, மறுபடி டயர் பிரிப்பு, மறுபடி சிமிட்டல். பார்த்தால் அது பேசுவது 315 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில், அமெரிக்க வண்டிக்கானது. என் வண்டி கேட்பது 433. அது பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறது, இது காது கேட்காமல் விழிக்கிறது. எங்கள் வீட்டிலும் இப்படித்தான், அது வேறு கதை. கடைசியில் முழு விலை கொடுத்து 433 வாங்கி மாட்டி, அதன் நம்பரை வண்டிக்குள் பதிய வைத்ததும் அணைந்தது. ஒன்பது நாள். வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த ஒன்பது நாள்.

நேற்று ராத்திரி மறுபடி எரிந்தது. இந்தத் தடவை சிமிட்டவில்லை, ஒரேயடியாக எரிந்தது. சிமிட்டினால் சென்சாரில் கோளாறு, சிமிட்டாமல் எரிந்தால் நிஜமாகவே காற்று குறைவு என்று இந்த ஒரு மாதமாகத் துறைமுகத்தில் கண்டவனுக்கெல்லாம் வகுப்பெடுத்தவன் நான். அந்த நான் என்ன செய்தேன்? சன்வைசர் கண்ணாடியில் வீட்டுக்காரி ஒட்டி வைத்திருந்த மெரூன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, விளக்குக்கு மேல் அழுத்தி ஒட்டினேன். அளவு கச்சிதம்.

இன்று காலை ஆறு மணி. நண்டும் ஐஸுமாகப் பாம்பன் பாலத்தில் ஏறி நடுவில் வரும்போது பின்பக்கம் இழுக்கிறது. இறங்கிப் பார்த்தால் வலது பின் சக்கரம் தரையோடு தரை. விரல் நீளத்துக்கு ஒரு ஆணி, படகுப் பலகைக்கு அடிக்கிற ஆணி. தடைக்காலம் முழுக்கப் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்த்தார்களே, அந்த மணலில்தான் தினம் லோடு ஏற்ற வண்டியைத் திருப்புகிறேன். விளக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. பொட்டு வைத்தவன் நான்.

இந்த சென்சாரும் பஞ்சர் கிட்டும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னியே கட்டாயமில்லை என்று 2020இல் விதியைத் திருத்தினார்கள். திருத்தியவர்களைக் கச்சான் காற்று அடிக்கிற நேரத்தில் அந்தப் பாலத்தில் ஒரு ஜாக்கியோடு நிறுத்த வேண்டும். என்னிடம் ஸ்டெப்னி இருந்தது. அதில் காற்று 14. அதற்கு சென்சார் கிடையாது, அதனால் அதைப் பற்றி யாரும் எனக்கு எச்சரிக்கவில்லை. மாட்டிக் கொஞ்ச தூரம் உருட்டினால், நாலாவது ஆளைக் காணோம் என்று பொட்டுக்குப் பின்னாலிருந்து மஞ்சளாகச் சிமிட்டல்.

அதைக்கூட விடுங்கள். ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, ஐஸ் தண்ணீர் முதுகில் சொட்டச் சொட்ட நான் குனிந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் ஏழெட்டு வெளியூர் கார்கள், பாலத்தின் மேலேயே ஓரங்கட்டி, கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, புது ரயில் பாலத்தைப் படம் பிடிக்கிறார்கள். இரண்டு வண்டி ஒதுங்கிப் போகிற அகலம்தான் அந்தப் பாலமே. இவர்களை ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை. அதில் ஒரு தம்பி வந்து நின்றான். உதவத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"அண்ணா, உங்க வண்டி ஃப்ரேம்ல வருது, கொஞ்சம் முன்னாடி எடுத்துக்கிறீங்களா?"

மூன்று சக்கரத்தில் நிற்கிறதய்யா வண்டி! எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. நான் சிரித்ததும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது, போனை நீட்டினான். கிரீஸ் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, குடும்பமாக நிற்க வைத்து எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பொண்ணு கண்ணை மூடிவிட்டதாம். இன்னொன்று எடுத்தேன்.