பொவொண்டோ 2017-இல் பிறந்தது அல்ல

தம்பி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில் எடுத்து நீங்கள் பதிவில் போட்ட பொவொண்டோ குளிர்பான பாட்டில் படம் சரி. ஆனால் "ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு கோக்கை எதிர்க்க ஆரம்பித்த கம்பெனி" என்று கீழே போட்டிருப்பது தவறு.

பொவொண்டோவைத் தயாரிப்பது காளிமார்க். விருதுநகரில் 1916-இல் பழனியப்ப நாடார் தொடங்கிய குடும்ப நிறுவனம். திராட்சை வாசனையுடன் கருஞ்சிவப்பாக இருக்கும் இந்தப் பானம் 1950களின் கடைசியிலேயே வந்துவிட்டது. என் அப்பா தலைமுறை குடித்தது!

2017-இல் நடந்தது வேறு. மார்ச் 1 முதல் பெப்சியும் கோக்கும் விற்கமாட்டோம் என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அப்போது பழைய பொவொண்டோவுக்கு மறுபடி மவுசு வந்தது. அவ்வளவுதான்.

1977-இல் கோக் இந்தியாவை விட்டுப் போனதும் இது முளைத்தது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அதுவும் இல்லை. அந்தச் சமயத்தில் வந்தது பார்லேயின் தம்ஸ் அப். 1993-இல் திரும்பி வந்த கோக் அதை, கோல்ட் ஸ்பாட், லிம்காவோடு சேர்த்து வாங்கிக்கொண்டது. காளிமார்க் இன்றும் அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது.

அப்புறம், நம் ஊரில் விற்கும் எஃப் அண்ட் என் (F&N) குளிர்பானக் கம்பெனியையும் "மலேசியக் குடும்பக் கம்பெனி" என்று சேர்த்துவிட்டீர்கள். ஃப்ரேசர், நீவ் என்ற இருவர் 1883-இல் சிங்கப்பூரில் தொடங்கியது அது. 2013-இலிருந்து தாய்லாந்துக்காரர் கையில்.