டயலாக்க முந்திரிக்கொட்ட மாதிரி சொல்லாதீங்கடா

பழைய படம் பாக்க உக்காந்தாலே பக்கத்துல ஒருத்தன் வந்து சேந்துடுறான், ஃபேமஸ் டயலாக் வர்றதுக்கு மூணு செகண்ட் முன்னாடியே என் தொடைய தட்டி "இப்ப பாரு இப்ப பாரு"ன்னு அவனே சொல்லி முடிச்சிடுறான், அப்புறம் நடிகர் சொல்றது எனக்கு எக்கோ மாதிரிதான் கேக்குது. சரி, சொல்றதையாவது கரெக்டா சொல்றானா? அதுவும் கிடையாது.

1980ல வந்த ஸ்டார் வார்ஸ் படம் தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்ல வில்லன் டார்த் வேடர் "லூக், நான்தான் உன் அப்பா"ன்னு சொல்லவே மாட்டான்யா. எங்கப்பாவ கொன்னது நீதான்னு ஹீரோ லூக் கத்துவான், அதுக்கு "இல்ல, நான்தான் உன் அப்பா"ன்னு வரும். அந்த "இல்ல"லதான் மொத்த அடியும் இருக்கு, இவன் அத தூக்கி போட்டுட்டு பேர சேத்துக்கிறான்! 1942ல வந்த காசாபிளாங்கா படத்துலயும் அதே கததான், பியானோ வாசிக்கிற சாம்கிட்ட "ப்ளே இட் அகெய்ன், சாம்"னு யாருமே சொல்லல, வெறும் "ப்ளே இட், சாம்"தான், இங்ரிட் பெர்க்மன் அவ்ளோ மெதுவா சொல்லுவாங்க.

இத சொன்னா "ரெண்டும் ஒண்ணுதானே"ங்கறான். நேத்து ரீவைண்ட் பண்ணி போட்டே காமிச்சேன், பாத்துட்டு "இதுல மாத்திட்டானுங்க"ன்றான். எந்த சுவத்துல போய் முட்டிக்கிறது.