இரண்டு பிட்களை ஒருவராக்க வேண்டாம்

"ஏழாண்டுப் போரை நடத்திய வில்லியம் பிட் கடைசிவரை பிரம்மச்சாரி" என்று உங்கள் பதிவில் எழுதியிருப்பது தவறு. மணம் செய்யாதவர், 1783இல் 24 வயதில் பிரிட்டனின் பிரதமரான மகன் வில்லியம் பிட். பிரிட்டன் பிரான்சோடு மோதிய அந்தப் போரை (1756–63) நடத்தியவர் அதே பெயருடைய அவருடைய தந்தை, பிற்காலத்தில் சாத்தம் பிரபு.

தந்தை 1754 நவம்பரில், 46 வயதில், ஹெஸ்டர் கிரென்வில்லை மணந்தார். பின்னாளில் பிரதமரான ஜார்ஜ் கிரென்வில்லின் தங்கை அவர். 1761இல் ஹெஸ்டருக்கே தனிப் பிரபுப் பட்டம் கிடைத்தது. அவரை வெறும் "மனைவி" என்று கடந்துபோவது எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைகள் ஐவர்: ஹெஸ்டர், ஜான், ஹாரியட், வில்லியம், ஜேம்ஸ். கடற்படைக்குப் போன ஜேம்ஸும் மூத்த மகள் ஹெஸ்டரும் 1780இலேயே இறந்துவிட்டார்கள்.

உடல் நலிந்த மகன் வில்லியம் பள்ளிக்கே போகாமல் வீட்டில் படித்து, 14 வயதில் கேம்பிரிட்ஜ் சேர்ந்தவர். 1778 ஏப்ரல் 7 அன்று பிரபுக்கள் அவையில், அமெரிக்கா பற்றிய விவாதத்தின் நடுவே தந்தை மயங்கிச் சரிந்தபோது அந்த மகன் அங்கேயே இருந்தார். அடுத்த மாதம் தந்தை காலமானார். அவரையா பிரம்மச்சாரி என்கிறீர்கள்? பதிவைத் தயவுசெய்து திருத்துங்கள்.

இன்னொன்று: கிழக்கு நாடுகளில் பயணம் செய்து புகழ்பெற்ற ஹெஸ்டர் ஸ்டான்ஹோப் தந்தை பிட்டின் மகள் அல்ல, மூத்த மகள் வயிற்றுப் பேத்தி.