முதலில் ஸ்டேஷனைப் பாருங்கள்

பத்து நாளில் ஏழு நாடு என்று ஒரு டூர் பேக்கேஜ் நோட்டீஸை அனுப்பி, "கோடை லீவுக்குப் போகலாமா?" என்று கேட்டார் நண்பர். தாராளமாகப் போகலாம். பாதி நாள் பஸ்ஸில் தூங்கியும் மீதி நாள் பெட்டியைக் கட்டிப் பிரித்தும் கழியும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் ஜெர்மனியில் டிரெஸ்டன், செக் நாட்டில் பிராக், ஹங்கேரியில் புடாபெஸ்ட் என மூன்று ஊர் போதும். எல்லாம் பகல் ரயிலில். இறங்கியதும் ஸ்டேஷனை விட்டு ஓடாதீர்கள் என்பது மட்டும் என் நிபந்தனை.

டிரெஸ்டனில் ஃபிராவன்கிர்ஷே தேவாலயம் 1945 குண்டுவீச்சில் இடிந்து, 2005இல் மறுபடி எழுந்தது. வெளிர்நிறப் புதுக் கற்களுக்கு நடுவே கறுத்த பழைய கற்களையும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து பிராக் இரண்டரை மணி நேரத்துக்குள். இடதுபக்க ஜன்னல் பிடியுங்கள், எல்பே ஆறு கூடவே வரும். அங்கே டிக்கெட் வேறு, இருக்கை முன்பதிவு வேறு. இது தெரியாமல் ஏறி, செக் எல்லை தாண்டி டெச்சின் வரைக்கும் கதவோரம் நின்றேதான் போனோம். மணற்கல் பாறைகள் ஆற்றின் மேல் செங்குத்தாக நிற்பதைப் பார்த்ததில் கால்வலி பெரிதாகத் தெரியவில்லை.

பிராக் பிரதான நிலையத்தில் இறங்குகிற கூட்டம் சுரங்கவழியாகப் புதுக் கூடத்துக்குப் போய், அப்படியே மெட்ரோவில் மறைந்துவிடுகிறது. அதற்கு மேலேதான் யோசெஃப் ஃபாண்டா வடிவமைத்து 1909இல் முடிந்த பழைய கட்டடம் இருக்கிறது. குவிமாடத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க ஆளே இல்லை. ஆட்சி மாறும்போதெல்லாம் இந்த ஸ்டேஷனின் பெயரும் மாறியிருக்கிறது. முதலில் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் பெயர், பிறகு அமெரிக்க அதிபர் வில்சன் பெயர். நாஜிகள் வந்ததும் அதுவும் போயிற்று.

அப்புறம் முதல் பிளாட்பாரத்துக்கு வாருங்கள். கையில் ஒரு பையன், பக்கத்தில் ஒரு சிறுமி, ஒரு பெட்டி என்று நிக்கோலஸ் விண்டன் சிலையாக நிற்கிறார். லண்டன் பங்குத் தரகர், அப்போது வயது 29. 1939இல் அவரும் அவரோடு பாடுபட்ட சிலரும் சேர்ந்து 669 குழந்தைகளைப் பிரிட்டனுக்கு அனுப்பி நாஜிகளிடமிருந்து காப்பாற்றினார்கள். பெரும்பாலும் யூதக் குழந்தைகள். செப்டம்பர் 1ஆம் தேதி இன்னொரு ரயில் புறப்பட வேண்டியது, சுமார் 250 குழந்தைகளோடு. அன்றைக்கு ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது, உலகப்போர் மூண்டது. ரயில் கிளம்பவே இல்லை. அந்தப் பிள்ளைகளில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. பெற்றோர் கையசைத்து வழியனுப்பிய ஸ்டேஷன் இது. நான் நின்ற பத்து நிமிடத்தில் சக்கரப் பெட்டிகள் கடகடவென்று போய்க்கொண்டே இருந்தன.

புடாபெஸ்ட்டில் நியுகதி நிலையம். ஈஃபிளின் நிறுவனம் கட்டியது, 1877இல் திறந்தது. பாரிஸ் ஈஃபிள் கோபுரத்துக்கு 12 வருஷம் மூத்தது. ஜூலையில் போகிறவர்கள் அறையில் ஏசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பழைய கட்டட விடுதி அழகாகத்தான் இருக்கும், ராத்திரிதான் தெரியும்.

நண்பரின் நோட்டீஸை இன்னொரு தடவை பார்த்தேன். பிராக்குக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள், மதியச் சாப்பாட்டையும் சேர்த்து.