பதிலுக்குப் பஞ்சமில்லை பாஸ்

நிஜ ரயிலைச் சுருக்கிச் செய்த மாடல் ரயில்களை செகண்ட்ஹேண்டாக ஆன்லைனில் விற்பவர்கள் பதிலே போடுவதில்லை என்று பலர் புலம்புகிறார்கள். எனக்கு வாய்த்தவர்கள் அப்படியில்லை. "இன்னும் இருக்கா?" என்று கேட்ட மறுநொடியே "இருக்கு பாஸ், ரெடி ஸ்டாக்" என்று வந்து விழும். கேட்ட கேள்விக்குத்தான் பதில் இருக்காது.

போன மாதம் மார்க்ளின் என்ற ஜெர்மன் கம்பெனியின் மாடல் இஞ்சின் ஒன்று, 380 வெள்ளி. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இது இரண்டு தண்டவாளங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் சாதாரண டிசியா, இல்லை மார்க்ளினுக்கே உரிய ஏசியா? "ஸ்மூத்தா ஓடும் பாஸ்." சரி, மல்லாக்கப் போட்டு அடிப்பக்கத்தை ஒரு படம் எடுங்கண்ணே என்றேன். பெட்டியின் படம் வந்தது. பெட்டி வேண்டாம், இஞ்சின் அடிப்பக்கம் என்றேன். பக்கவாட்டில் ஒரு படம், பாதியை மறைத்தபடி கட்டைவிரல். விடாமல் கேட்டதும், "டிசிதான் பாஸ், கன்ஃபர்ம். ரெண்டு பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்க, சீக்கிரம்."

வந்ததும் திருப்பிப் பார்க்கிறேன், வயிற்றில் நீளமாக ஒரு தகடு! மார்க்ளின் தடத்தின் நடுவே இருக்கும் உலோகப் புள்ளிகளை உரசி மின்சாரம் எடுக்கிற தகடு அது. ஏசியேதான். அதில் இரு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே இன்சுலேஷன் கிடையாது; என் டிசி தடத்தில் வைத்தால் அங்கேயே ஷார்ட். தட அகலம் என்னவோ இரண்டுக்கும் அதே 16.5 மி.மீ.தான். அந்தத் தைரியத்தில்தான் "எல்லாம் ஒரே டிராக் பாஸ்" என்று கூசாமல் அடித்துவிடுகிறார்கள். நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு (1:76) அளவுள்ள ஓஓ ரக ரயில் பெட்டிகளை, 87-ல் ஒரு பங்கு (1:87) அளவுள்ள எச்ஓ ரகம் என்று தலையில் கட்டுவதும் இதே அகலத்தைக் காட்டித்தான்.

கோலாலம்பூர்க்காரன் நேரில் போய்க் கையில் எடுத்துப் பார்ப்பான். செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிற நான் எங்கே போய்ப் பார்ப்பது? நிஜ ரயில் வந்து நிற்கிற ஊர்தான், இடிஎஸ் விரைவு ரயில்கூட நிற்கிறது. மாடல் ரயில் வாங்கத்தான் கடை இல்லை. விற்கிறவர் எடுத்து அனுப்பும் படம்தான் எனக்குக் கண்.

அப்புறம் அந்த "டெஸ்ட் பண்ணல பாஸ், டிராக் இல்ல" வசனம். டிராக் எதற்கு? 9 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து இரு பக்கச் சக்கரங்களிலும் தொட்டால், டிசி இஞ்சினில் மோட்டார் சுற்றுகிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். பேட்டரி மளிகைக் கடையிலேயே கிடைக்கும். வரிக்கு வரி பாஸ் போட நேரமிருக்கிறது, பத்து விநாடி வீடியோ எடுக்க நேரமில்லையாம். டெஸ்ட் பண்ணவில்லை என்றால் என் அகராதியில் அது செத்துப்போன இஞ்சின், அதற்கேற்ற விலையைச் சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நோ ரிட்டர்ன் பாஸ்." அதுவும் உடனே. ஒரே ஒரு நட்சத்திரம் போட்டேன். அதற்கும் ஒரு நிமிடத்தில் செய்தி வந்துவிட்டது: "ஏன் பாஸ் இப்படி? நான்தான் ஃபாஸ்ட் ரிப்ளை பண்ணேனே!"